நிலத்தைக் காணும் கண்

திருகோணமலையிலே கடலை நோக்கி நிமிர்ந்து நிற்கும் சுவாமிமலையைத் தரிசித்த அடியார்கள் அக்காட்சியை எளிதில் மறப்பதில்லை. செங்குத்தான பாறை, அதன் அடியில் ஓயாது மோதும் அலை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீலக்கடல். அவ்விடத்தில் நிற்கும்போது சிலருக்கு அச்சம் உண்டாகிறது. சிலருக்கு வியப்பு உண்டாகிறது. இன்னும் சிலருக்குத் தம்மையறியாமலே கைகள் தலைமேற் குவிகின்றன.

இந்த ஒரு மலையைக் காலந்தோறும் பலர் பலவிதமாகக் கண்டுள்ளனர். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த போர்த்துக்கேயர் துறைமுகத்தைக் காவல் செய்வதற்கு ஏற்ற இடமாக இதனைக் கண்டனர். ஆதலால் கோயிலை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். பின்னர் வந்த ஐரோப்பியர், காதலனைப் பிரிந்த ஒல்லாந்துப் பெண்ணொருத்தி இங்கிருந்து கடலிற் குதித்தாள் என்றொரு கதையைச் சொல்லிக்கொண்டனர். சைவமக்களோ பாறையிலுள்ள பெரும் பிளவை 'இராவணன் வெட்டு' என்று காட்டுவர். தன் தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்க்க முற்பட்ட இராவணன் தன் வாளால் வெட்டிய வெட்டு அது என்பது ஐதிகம். அத்தாய்க்கு அவன் ஈமக்கடன் செய்வதற்காக உண்டானவையே கன்னியாவிலுள்ள வெந்நீரூற்றுக் கிணறுகள் ஏழும் என்பர். இன்றும் தாய் தந்தையரை இழந்தோர் அந்தியேட்டிக் கிரியைகளுக்காகக் கன்னியாவை நாடிச் செல்வது அந்நம்பிக்கையின் வழிவந்ததேயாகும்.

பாறை ஒன்றுதான், கடலும் ஒன்றுதான். போர் நினைவோடு வந்தவனுக்கு அது கோட்டையாயிற்று. பிரிவுத் துயரை நினைத்தவனுக்கு அது துயரக்கதையாயிற்று. பக்தியோடு சென்றவனுக்கு அது தாய்க்காக மலையைத் தூக்கத் துணிந்த மகனின் அடையாளமாயிற்று. காண்போரின் நெஞ்சு எதனைச் சார்ந்திருந்ததோ அதனையே நிலமும் அவர்களுக்குக் காட்டிற்று.

இதன் காரணத்தைச் சைவசித்தாந்தம் தெளிவாக உணர்த்துகின்றது. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது. பளிங்கின் அருகே செம்பருத்தியை வைத்தாற் பளிங்கு சிவப்பாகத் தோன்றும். நீலமலரை வைத்தால் நீலமாகத் தோன்றும். அதுபோல ஆன்மா உலகைச் சார்ந்து நிற்கும்போது உலகையே காணும். இறைவனைச் சார்ந்து நிற்கும்போது காணும் பொருளிலெல்லாம் இறைவனைக் காணும். கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருப்பினும் சூரிய ஒளியின்றி அது எதனையும் பார்க்கமாட்டாது. ஒளியிருந்தாலும் உயிர் கூடி நின்றாலன்றிக் கண் தானாகவே ஒன்றை அறியமாட்டாது. இறைவன் உயிர்களுக்குப் பொருள்களைக் காட்டுகின்றான். அவற்றோடு கூடிநின்று தானும் காண்கின்றான். காட்டும் உதவி, காணும் உதவி என ஆன்றோர் கூறுவது இதனையே. மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் பதினோராஞ் சூத்திரம் இவ்வுதவியை எடுத்துக்கூறி, அதனை மறவாத அன்பினாலே உயிர் இறைவன் திருவடியை அடையும் என்று முடிவுசெய்கின்றது. காட்சியின் முடிவு அன்பு என்பது ஈண்டு சிந்திக்கத்தக்கது.

இவ்வுண்மைக்கு அப்பர் சுவாமிகளின் வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. திருக்கயிலையைக் காணவேண்டும் என்னும் பேராசையோடு முதுமைக் காலத்திலே வடதிசை நோக்கிச் சென்றார் அவர். நடந்து நடந்து பாதங்கள் தேய்ந்தன. கைகளால் ஊர்ந்தார். கைகளும் தேய மார்பினால் தவழ்ந்தார். பின்பு புரண்டு சென்றார். முனிவர் வடிவிலே தோன்றிய இறைவன் "திரும்பிப் போம்" என்று சொல்லியும் அவர் மனம் மாறவில்லை. முடிவில் அங்கிருந்த பொய்கை ஒன்றில் மூழ்குமாறு இறைவன் பணிக்க, அவ்வாறே மூழ்கியவர் சோழநாட்டுத் திருவையாற்றிலே குளத்தில் எழுந்தார்.

எழுந்தவர் கண்டது யாது? களிறும் பிடியும் சேர்ந்து வந்தன. சேவலும் பேடும் வந்தன. குயில்கள் வந்தன, மயில்கள் வந்தன. அவையெல்லாம் காவிரிக் கரையிலுள்ளோர் நாள்தோறும் காணும் உயிரினங்களே. முன்னரும் அப்பர் அவற்றைப் பலமுறை கண்டிருப்பார். ஆயினும் அன்று அவை ஒவ்வொன்றும் சிவமும் சத்தியுமாகவே அவருக்குத் தோன்றின. திருவையாறே கயிலையாயிற்று. தாம் அதற்கு முன் கண்டறியாதனவற்றைக் கண்டதாக அவர் உள்ளமுருகிப் பாடினார். அங்கு நிலம் மாறவில்லை, மரமும் மாறவில்லை. அவர் கண்ணே அருட்கண்ணாக மாறிற்று. எவ்வளவு தூரம் சென்றாலும் கிட்டாத கயிலை, பழகிய ஊரிலேயே கிட்டியது.

திருஞானசம்பந்த சுவாமிகளின் வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. 7ஆம் நூற்றாண்டில் அவர் திருக்கோணமலைக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் பதிகம் அருளினார். அவர் கடல் கடந்து வரவில்லை. இராமேசுவரத்தில் இருந்தவாறே அவ்விரு தலங்களையும் போற்றினார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே கூறுகின்றார். எனினும் கோணமலைப் பதிகத்தைப் படிப்போருக்கு அலையின் முழக்கம் காதில் விழும். கரையில் முத்துக்களை ஒதுக்கும் கடல் கண்முன் வரும். அன்புடைய நெஞ்சுக்குக் கடலும் தடையாவதில்லை.

அந்த அன்பே கோணேசர் மலையைக் காத்தது. பெருங்கோயில் இடிக்கப்பட்ட பின்னர் 1963 இல் மீண்டும் கும்பாபிஷேகம் நிகழும்வரை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அக்காலத்தில் அடியார்கள் வழிபாட்டை விட்டுவிடவில்லை. மலையையே மூர்த்தியாகக் கொண்டு, பாறை விளிம்பிலே கற்பூரம் ஏற்றிக் கடலை நோக்கி வணங்கிவந்தனர். எமர்சன் ரெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலும் இவ்வழிபாடு குறிப்பிடப்பட்டுள்ளது. கோயிலை இடித்தவர்களால் மக்களின் கண்ணில் இருந்த கோயிலை இடிக்க முடியவில்லை. தாய் தன் பிள்ளைக்கு "அதுதான் கோணேசர்" என்று விரல் நீட்டிக் காட்டிய ஒவ்வொரு முறையும் அக்கோயில் மீண்டும் கட்டப்பட்டது.

பண்டைத் தமிழர் நிலத்தையும் நெஞ்சையும் பிரித்துப் பார்த்தவர்கள் அல்லர். தொல்காப்பியம் குறிஞ்சிக்குச் சேயோனையும், முல்லைக்கு மாயோனையும், மருதத்துக்கு வேந்தனையும், நெய்தலுக்கு வருணனையும் தெய்வமாக வகுத்தது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உணர்வையும் உரிமையாக்கினர். கடலோரமாகிய நெய்தலுக்கு இரங்கலை உரிமையாக்கினர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வடக்குக் கிழக்குக் கரையூர்களைக் கொண்டுபோனபோது அதன் பொருள் விளங்கிற்று. வாழ்வளித்த கடலை ஏறிட்டுப் பார்க்கவும் அஞ்சியவர்கள் பலர். ஆயினும் அதே கடலிலே மீண்டும் வலை வீசினர். அதே கடலிலே பெருமானைத் தீர்த்தமாட்டினர். இழப்பை மறந்தமையால் அன்று. இழந்தவர்களையும் இறைவனிடமே ஒப்படைத்த நம்பிக்கையால்.

ஐந்தாவது நிலமாகிய பாலை பற்றிச் சிலப்பதிகாரம் கூறுவது மிகவும் நுட்பமானது. பாலை தனியாக ஒரு நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் நல்லியல்பு கெடும்போது பாலையாகின்றன. பசுமையான ஊரும் அன்புநீர் வற்றினாற் பாலையாகும் என்பதற்கு இதுவே உவமையாகும்.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள், போர் முடிந்த பின்னர் கட்டங்கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது திரும்பினர். வீட்டைக் காணவில்லை; வேலியைக் காணவில்லை; எங்கும் பற்றைக்காடு. கிணற்றையோ பழைய மரத்தையோ அடையாளமாகக் கொண்டு தம் வளவைக் கண்டுபிடித்தோர் பலர். பெற்றோர் அந்தக் கிணற்றடியில் நின்று கண்கலங்கினர். அவர்களோடு வந்த பிள்ளைகளோ காட்டை மாத்திரமே கண்டனர். அது பிள்ளைகளின் குற்றம் அன்று. ஒருவர் காட்டாமல் எந்தக் கண்ணும் காண்பதில்லை. காட்டும் உதவி இறைவனுக்கு மாத்திரம் உரியதன்று. பெற்றோருக்கும் பெரியோருக்கும் உரிய கடமையுமாகும்.

ஊர்க்கோயிலும் அத்தகையதே. வீதியில் உள்ள மணல், பிரதட்டை செய்த அடியாரின் வியர்வை விழுந்த மணல் என்று அறிந்தவர் அதிலே குப்பை போடமாட்டார். தலவிருட்சத்தின் கீழே தன் பாட்டி நேர்த்திக்குப் பொங்கினாள் என்று அறிந்தவர் அதன் கிளையை வெட்ட நினைக்கமாட்டார். கேணிப் படியிலே தன் தந்தை தோய்ந்தெழுந்து திருநீறு பூசினார் என்று அறிந்தவர் அது தூர்ந்துபோக விடமாட்டார். அறியாதவருக்கு அவை வெறும் மணல், வெறும் மரம், பாசி பிடித்த குழி. அவற்றை அகற்றிச் சீமெந்து பூசுவதே திருப்பணி என்று அவர் எண்ணுவதிலும் வியப்பில்லை.

மகோற்சவ காலத்திலே தூரதேசங்களிலிருந்து பிள்ளைகள் வருகின்றனர். வெயிலும் கூட்டமும் அவர்களைச் சலிப்படையச் செய்வது இயல்பு. தேர் இருப்பிடத்துக்கு வந்தபின், வெயில் தணிந்த மாலைப்பொழுதிலே தாத்தாவோ அம்மம்மாவோ அவர்களைக் கைபிடித்து வெளிவீதியைச் சுற்றி அழைத்துச் செல்லவேண்டும். இது இன்ன மரம், இது இன்ன மடம், இங்கேதான் உன் அப்பா காவடி எடுத்தார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். அரை மணி நேரம் போதும். அந்தப் பிள்ளை கடல் கடந்து சென்ற பின்பும், சம்பந்தப்பிள்ளையார் கோணமலையைக் கண்டதுபோல, இருந்த இடத்திலிருந்தே தன் ஊரையும் கோயிலையும் காணும்.

அப்பருக்குத் திருவையாற்றிலே திறந்த கண், அவரவர் ஊரின் வீதியிலும் திறக்கும். அதற்கு அன்பு ஒன்றே வழி. அந்தக் கண்ணை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துச் செல்வோரே கோயிலுக்குப் பெருந்திருப்பணி செய்தவராவர் என்பது திண்ணம்.

திருச்சிற்றம்பலம்.