அறுபத்தொன்றாவது பிள்ளை

மே மாதக் கடைசியில் நாங்கள் ஊருக்குள் இறங்குவோம். தலைமையாசிரியை முன்னால், நானும் இன்னொரு ஆசிரியரும் பின்னால். கையில் துண்டுப் பிரசுரக் கட்டு. காலை உணவு, மதிய உணவு, புத்தகம், சீருடை, செருப்பு, ஆங்கில வழி வகுப்பு என்று எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்களுடையது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. சீசனை நம்பித்தான் பாதி ஊர். ரம்புட்டான், மங்குஸ்தான் விற்பவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், லாட்ஜில் அறை பெருக்குபவர்கள். அருவியில் தண்ணி விழ ஆரம்பித்துவிட்டால் யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. அதற்கு முன்னால் போய்விட வேண்டும்.

2025 மே மாதம் அப்படிப் போனபோது, ஐந்தருவிப் பாதையில் பழக்கடை போடும் அக்கா ஒருவர் தன் மூத்த பெண்ணை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் சம்மதித்தார். சின்னவன் பையன். அவனுக்கு எல்.கே.ஜி. "அவனை இருபத்தஞ்சு பர்சன்ட்ல பிரைவேட்ல போடலாம்னு பாத்தேன் சார். சைட்டே தொறக்கலைங்காவ" என்றார். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. அந்த வருடம் மே மாதத்தில் அதற்கான விண்ணப்பம் வழக்கம்போல் தொடங்கவில்லை. சமக்ர சிக்ஷா நிதியை மத்திய அரசு நிறுத்தி வைத்ததுதான் காரணம் என்றது மாநில அரசு. டெல்லிக்கும் சென்னைக்கும் நடந்த சண்டை இந்த அக்கா வீட்டுத் திண்ணை வரை வந்திருந்தது. பெண்ணுக்கு அரசுப் பள்ளி, பையனுக்குத் தனியார் என்ற கணக்கை நான் கேள்வி கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை என்பது அடுத்த நிமிடமே தெரிந்துவிட்டது.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டியளே சார்? உங்க புள்ள எங்க படிக்கி?"

"தென்காசில. அவங்கம்மா ஆபிஸ் பக்கத்துல இருக்கு, அதான்..."

"அது சரி" என்றார். எங்கள் பக்கத்தில் 'அது சரி'க்குப் பல அர்த்தம் உண்டு. படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிரசுரத்தை மடித்துப் பையனிடம் விளையாடக் கொடுத்தார்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆபிஸ் பக்கத்தில்தான் அந்த மெட்ரிகுலேஷன் பள்ளி. ஆனால் ஆபிஸ் வேறு எங்காவது இருந்திருந்தாலும் என் மகள் அங்கேதான் படித்திருப்பாள். காலை ஏழு நாற்பதுக்கு மஞ்சள் வேன் வரும். அவளை ஏற்றிவிட்டு நான் பைக்கை எடுத்து எதிர்த் திசையில் போவேன். பதினோரு வருடமாக ஆறு முதல் எட்டு வரைக்கும் அறிவியல் நடத்துகிறேன். நான் நன்றாகவே நடத்துவேன் என்று என் மாணவர்கள் சொல்வார்கள். என் மகளுக்கு மட்டும் அது போதவில்லை.

போதவில்லை என்று நான் எதை நினைத்தேன்? பாடத்தையா? சமச்சீர்க் கல்விக்கு உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் வழிவிட்ட பிறகு, மெட்ரிகுலேஷன் பள்ளி ஆறாம் வகுப்பு அறிவியலும் என் மேசையில் இருக்கிற அறிவியலும் ஒரே பாடத்திட்டம். ஆசிரியரா? என்னோடு பி.எட். படித்த நண்பன் ஒருவன் தனியார் பள்ளியில் இருக்கிறான். அவன் சம்பளத்தைச் சொன்னால் எனக்கு வெட்கமாக இருக்கும், ஜூன் தொடங்கி ஏப்ரல் வரைதான் அதுவும். கட்டடமா? எங்கள் பள்ளியில் வேப்ப மரமும் மைதானமும் உண்டு, அங்கே சிமென்ட் தளம். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் நிற்பது பக்கத்து பெஞ்சு. என் மகளுக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதற்குத்தான் டெர்முக்கு டெர்ம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு ஆசிரியனாக இதை எழுதக் கை கூசுகிறது.

அதில் பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பையன்கள் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதி சொல்லலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீட்டிலேயே வெட்டப்பட்டான். அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். மறு வருடம் அறிக்கையும் வந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரும் வகுப்பறை தானாகவே சமத்துவத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும் என்று நம்ப எனக்கு வயதில்லை. ஆனாலும் அங்கே உட்காராத பிள்ளைக்கு அதைப் புத்தகத்திலிருந்து சொல்லிக்கொடுக்க முடியும் என்றும் நம்பிக்கை இல்லை. 1964–66 கோத்தாரிக் குழு அருகமைப் பள்ளியைச் சொன்னது இதற்காகத்தான். அந்தந்தப் பகுதிப் பிள்ளைகள், ஏழையோ பணக்காரரோ, அந்தந்தப் பகுதிப் பள்ளியில் படிக்க வேண்டும் என்றது. அறுபது வருடம் ஆகிறது. எங்கள் ஊரில் அருகமைப் பள்ளி இருக்கிறது, அருகில் இருப்பவர்கள்தான் வேனில் போகிறோம்.

இதுவரை சொன்னதெல்லாம் குற்ற உணர்ச்சி. அதோடு வாழ்ந்துவிடலாம், நிறையப் பேர் வாழ்கிறோம். எனக்குத் தூக்கம் கெட்டது ஒரு எண்ணால்.

கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்பில் ஒரு அட்டவணை உண்டு. ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. ஆகஸ்ட் 1 நிலவரப்படி தலையை எண்ணுவார்கள். 2023 ஆகஸ்டில் எங்கள் தொடக்க வகுப்புகளில் சரியாக 60 பேர். மூன்றாவது இடம் உபரி ஆனது. அதில் இருந்த டீச்சர், எழுத்துக் கூட்டத் தெரியாமல் வரும் பிள்ளையை ஆறு மாதத்தில் வாசிக்க வைப்பவர், பணிநிரவலில் வேறு ஊருக்குப் போனார். அன்றிலிருந்து ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில். ஒரு பக்கம் கணக்குப் போடும்போது மறு பக்கம் சும்மா இருக்கும்.

அந்த ஆகஸ்டில் என் மகள் மூன்றாம் வகுப்பு. அவள் எங்கள் பள்ளியில் இருந்திருந்தால் 61.

யாரும் இதை என்னிடம் சொல்லவில்லை. தலைமையாசிரியை பதிவேட்டை மூடிவிட்டு ஒரு தடவை என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அதைக்கூட நானே கற்பித்துக்கொண்டேனோ என்னவோ.

வீட்டில் சொன்னபோது மனைவிக்குக் கோபம் வந்தது. "உங்க ஊருக்கு என் பிள்ளைய நான் தலைக்கட்டு வரியா குடுக்கணுமா?" நியாயமான கேள்வி. அவள் தமிழ் வழியில் படித்து, எஞ்சினியரிங் முதல் வருடம் முழுக்க ஹாஸ்டல் பாத்ரூமில் அழுதவள். தன் மகள் அழக் கூடாது என்று நினைக்கிறாள். இதற்குமேல் ஒரு தாயிடம் என்ன காரணம் கேட்பது? ஒரு ஆசிரியர் பணியிடத்தைக் காப்பாற்ற ஒரு குழந்தையை எண்ணிக்கையாக்குவது சரியா என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. பிள்ளை நம் கொள்கைக்கான சாட்சி இல்லையே.

ஆனால் தலைக்கட்டு வரி என்ற சொல் மனசில் ஒட்டிக்கொண்டது. கோயில் கொடைக்கு எங்கள் ஊரில் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். சென்னையிலும் துபாயிலும் இருப்பவர்கள்கூட அனுப்பிவிடுவார்கள். வரியைத் தூரத்திலிருந்து அனுப்பலாம். பள்ளிக்கூடத்துக்கு அப்படி முடியாது. நான் தலைவர் நிதிக்குப் பணம் கொடுத்தாலும், கழிப்பறைக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தாலும், அந்த 61 வராது. அங்கே ஒரு ஆள் வந்து உட்கார்ந்தாக வேண்டும்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் எழுதிய ஒரு சிறிய புத்தகத்தில் இதைத்தான் பேசுகிறார். ஒரு நிறுவனம் கெட ஆரம்பித்தால் ஆட்களுக்கு இரண்டு வழி: வெளியேறலாம் அல்லது உள்ளேயிருந்து குரல் கொடுக்கலாம். அவர் எடுத்த உதாரணங்களில் ஒன்று அரசுப் பள்ளி. தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்களே முதலில் வெளியேறுகிறார்கள். ஆகவே சத்தம் போடத் தெரிந்தவர்கள் ஒருவரும் உள்ளே மிஞ்சுவதில்லை. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். கூலிக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கும் நாலைந்து அம்மாக்கள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். என் மனைவி மாதிரி ஒருத்தி அங்கே இருந்தால், "மூணாவது டீச்சர் எங்க?" என்று கலெக்டர் ஆபிஸ் வரைக்கும் மனுவோடு போயிருப்பாள். அவள் இப்போது மெட்ரிகுலேஷன் பள்ளியின் பெற்றோர் வாட்ஸப் குழுவில் வேன் தாமதத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

கலெக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2011இல் ஈரோடு ஆட்சியர் ஆனந்தகுமார் தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். 2019 ஜனவரியில், தென்காசி இன்னும் நெல்லை மாவட்டத்தில் இருந்தபோது, ஆட்சியர் ஷில்பா பிரபாகர் சதீஷ் தன் குழந்தையைப் பாளையங்கோட்டை அங்கன்வாடிக்கு அனுப்பினார். இரண்டும் செய்தியாயின. செய்தியானதுதான் எனக்கு உறுத்துகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிற இடத்துக்கு ஆட்சியர் பிள்ளை போனால் அது தலைப்புச் செய்தி. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015இல் அரசு ஊழியர்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும் என்று உத்தரவே போட்டுப் பார்த்தது. அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் நாங்கள் அதைப் படித்துவிட்டு, "நம்ம ஊருக்கு வந்தா என்னாகும்?" என்று சிரித்தோம். மறந்துவிட்டோம்.

இப்போது ஒரு புதுச் சிக்கல். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். மனைவியே சொன்னாள்: "ஆறாப்புல இருந்து வேணும்னா உங்க ஸ்கூல்ல போடலாம்." எனக்கு ஒரு நொடி சந்தோஷம். பிறகு காரணம் புரிந்தது. 2020இல் வந்த 7.5 விழுக்காடு மருத்துவ ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மறு வருடம் எஞ்சினியரிங்கும் சேர்ந்தது. 2022இலிருந்து புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். வேனில் போகிற பிள்ளைகளின் பெற்றோர் பலர் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். அடித்தளத்தைக் காசு கொடுத்துக் கட்டிக்கொண்டு, கூரைக்கு அரசிடம் வருகிறோம். பழக்கடை அக்காவின் மகளுக்காக உண்டான இடத்தில் என் மகள் வந்து நிற்பாள், இரண்டு ஆசிரியர் அறையில் அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது தனி டீச்சரிடம் படித்துவிட்டு.

சரியான காரியத்தைத் தப்பான காரணத்துக்காகச் செய்தால் அது சரியான காரியமா? தத்துவ வகுப்பில் இதற்கு இரண்டு பக்கமும் பதில் உண்டு. பள்ளிக்கு என்னவோ ஆள் வந்தால் போதும், காரணம் வேண்டாம். அதுவும் ஆறாம் வகுப்பில் வரும் பிள்ளை அந்த 61இல் சேராது. டீச்சர் திரும்பி வர மாட்டார். நான் தவறவிட்ட வருடங்கள் தொடக்க வகுப்பின் வருடங்கள்.

போன வாரம் மகளிடமே கேட்டேன். நடுநிலைப் பள்ளி, அப்பா ஸ்கூல், வேப்ப மரம், காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டாம் என்றெல்லாம் ஆசை காட்டினேன். துண்டுப் பிரசுரம் வாசிக்கிற மாதிரிதான் இருந்திருக்கும். கேட்டுவிட்டு, வேனில் பக்கத்தில் உட்காரும் தோழி பெயரைச் சொல்லி, "அவளும் வருவாளா?" என்றாள்.

"அவங்க அப்பாட்ட கேக்கணும்."

"அப்ப கேளுங்க. அவ வந்தா நானும் வாரேன்."

அந்தத் தோழியின் அப்பாவும் எங்கள் ஒன்றியத்திலேயே வேலை பார்க்கிற ஆசிரியர்தான். அவர் பள்ளியிலும் இந்த வருடம் ஒரு இடம் உபரி. பயிற்சி வகுப்பில் மாதம் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறோம், ஒரே மேசையில் டீ குடிக்கிறோம். இன்னும் கேட்கவில்லை.