கொடிமரத்தடியில் ஒரு விசா

இந்தியாவுக்கு வர நினைக்கும் அயல்நாட்டார் நிரப்பும் விசா விண்ணப்பத்தில் மதம் என்றொரு கட்டம் உண்டு. அவர் எழுதியதை அரசு எழுதியபடியே எடுத்துக்கொள்கிறது. ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை. அதே மனிதர் மதுரைக்கு வந்து, செருப்பைக் கழற்றி, மீனாட்சி கோயிலில் பொற்றாமரைக் குளத்தையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் பார்த்துவிட்டுச் சன்னதிப் பக்கம் திரும்பினால், இந்துக்கள் அல்லாதோருக்கு அனுமதியில்லை என்கிறது ஒரு பலகை. இங்கே விண்ணப்பம் கிடையாது. வாசலில் நிற்பவரின் கண்தான் குடியேற்ற அதிகாரி. தோல் வெளுத்திருந்தால் கண் நிறுத்தும். கறுத்திருந்தால், உள்ளே போகிறவர் கடவுளையே மறுப்பவராக இருந்தாலும் விட்டுவிடும். காக்கவேண்டியது பக்தியை என்றால், இந்தச் சோதனை பக்தியைச் சோதிக்கவே இல்லை.

சன்னதிக்கு எல்லையே கூடாது என்று நான் வாதாடவில்லை. மக்காவுக்குள் முஸ்லிம் அல்லாதோர் போக முடியாது. கும்பிடும் இடத்தைக் காட்சிச்சாலையாக்க எந்தச் சமயமும் சம்மதிக்காது. மூலவர் முன் நிற்பது சுற்றுலா அட்டவணையில் பதினைந்து நிமிடம் என்று ஆகிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. கேள்வி வேறு: அந்த எல்லையில் ஒருவரிடம் எதைக் கேட்பது? பிறப்பையா, மனத்தையா?

இந்த வட்டாரத்துக்கு அந்தக் கேள்வி பழையது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் வழக்கம் வென்றது. அவர்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. முப்பத்தோரு ஆண்டு கழித்து, 1939 ஜூலை 8 அன்று, காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டோரையும் ஒரு நாடாரையும் மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு வழிவிட்டார். பட்டர்கள் சிலர் பூஜை செய்ய மறுத்தார்கள். ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்து அந்த நுழைவுக்குப் பாதுகாப்புத் தந்தது. அன்று மறுத்தவர்களின் வாதமும் புனிதம் கெடும் என்பதுதான். உள்ளே வந்தவர்கள் அம்மனை நம்பினார்களா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாதமே கரைந்திருக்கும்.

அன்று நுழைந்தவர்கள் இந்துக்கள், அயல்நாட்டுப் பயணி இந்து அல்ல, இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று கேட்பார்கள். ஒன்றாக்கக் கூடாதுதான். ஒருவர் தம் சொந்தச் சாமியிடமிருந்து தள்ளிவைக்கப்பட்ட கொடுமைக்கும், விருந்தாளி வாசலில் நிறுத்தப்படுவதற்கும் எடை வேறு. ஆனால் தவறு ஒரே வகை: பார்வைக்குத் தெரிவதைக் கொண்டு தெரியாததைத் தீர்மானிப்பது. ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை ஆண்டுதோறும் நடத்திக் காட்டும் கதை இதுதானே. வந்திக் கிழவியின் உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமக்க வந்த சிவனைப் பாண்டியன் சோம்பேறிக் கூலியாள் என்றே பார்த்தான். பிரம்பால் அடித்தான். அடி எல்லா உயிர் மேலும் விழுந்தது, பாண்டியன் முதுகிலும்.

2024 ஜனவரி 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், பழனிக் கோயில் வழக்கில், நீதிபதி எஸ். ஸ்ரீமதி தந்த தீர்ப்பைப் பலர் பாதியாகவே படித்தார்கள். கோயில் சுற்றுலாத் தலமல்ல, கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதோரை விடாதே என்ற பாதி செய்தியாயிற்று. மற்றப் பாதியில் ஒரு கதவு இருக்கிறது: குறிப்பிட்ட தெய்வத்திடம் நம்பிக்கை உண்டு, கோயில் வழக்கத்தைக் கைக்கொள்வேன் என்று எழுதிக்கொடுப்பவரைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு அனுமதிக்கலாம். தீர்ப்பில் எனக்கு ஒப்பில்லாத இடங்கள் உண்டு. இந்த ஏற்பாடு மட்டும் சரி. கொடிமரத்தில் இதுவே விசா.

பொய் எழுதிவிட்டு நுழைவார்களே? நுழைவார்கள். விசா விண்ணப்பத்திலும் சிலர் பொய் எழுதுகிறார்கள். அதற்காக அரசு முகம் பார்த்து விசா தருவதில்லை. பொய்யின் சுமை எழுதியவரோடு போகிறது. மேலும், கையெழுத்திட நின்று படிக்கும் அந்த நேரத்திலேயே, படம் எடுக்க மட்டும் வந்தவர் திரும்பிவிடக்கூடும். மிஞ்சி நிற்பவருக்குத் தாம் யாரென்று ஓரளவு தெரிந்துவிடும். அப்படியானால் கோயில் செய்யவேண்டியது சில்லறை வேலைதான்: பலகைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு நோட்டு, பயணிக்குப் புரியும் மொழியில் அந்த உறுதிமொழி.