கடனா, களவா?

கடைக் கல்லாவிலிருந்து ஒரு தொழிலாளி 200 வெள்ளியை எடுத்தால் அது திருட்டு. நம் தண்டனைச் சட்டத்தின் 379-ஆவது பிரிவு திருட்டுக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது. அதே தொழிலாளிக்குச் சேரவேண்டிய 200 வெள்ளியை முதலாளி மாதாமாதம் கொடுக்காமல் வைத்துக்கொண்டால்?

நான் 200 என்று சும்மா சொல்லவில்லை. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 ஆனது. ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கு ஆகஸ்ட் வரை அவகாசம் கிடைத்தது. கொடுக்காதவருக்கு 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஆளுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கிறது. முதல் தடவை சிறை இல்லை. திரும்பத் திரும்பச் செய்தால்தான் 20,000 வரை அபராதம் அல்லது ஐந்தாண்டு வரை சிறை.

வருடத்துக்கு 2,400 வெள்ளியை மிச்சம் பிடிக்க யார் 10,000 கட்டுவார்கள் என்று தோன்றும். ஆனால் மாட்டினால்தானே அபராதம்? பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் தோசை வார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவரின் பெர்மிட் முதலாளி பெயரில் இருக்கிறது. படுக்க இடமும் அவர் கொடுத்ததுதான். புகார் செய்தால் மூன்றும் போகலாம்: வேலை, படுக்கை, பெர்மிட். அவர் வாயை மூடிக்கொள்ளும்போது அபராதம் மலிவாகிவிடுகிறது. பிறகு அது தண்டனை இல்லை, வியாபாரச் செலவு. அந்த அபராதமும் அரசாங்கத்துக்குத்தான் போகும். குற்றம் நிரூபணமான பிறகு நீதிமன்றம் உத்தரவிட்டால் பாக்கிச் சம்பளம் தொழிலாளி கைக்கு வரலாம்.

“சின்னக் கடைங்க என்ன செய்யும்? கடையை மூடினா அந்த 1,500-கூட இல்லையே” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே கடை வாடகையை நிறுத்துவதில்லை, கரண்டு பில்லை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் பூட்டு விழும், விளக்கு அணையும். கஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். அதை யார் தலையில் இறக்குவது என்பது முதலாளியின் தேர்வு. எதிர்த்துப் பேச முடியாதவர் தலையில் இறக்குவதால்தான் இதை வெறும் கடன்பாக்கி என்று என்னால் சொல்ல முடியவில்லை. தோசைக்கு ஐம்பது காசு கூடினால் முகம் சுளிக்கும் நமக்கும் இதில் பங்கு உண்டு.

1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். சம்பளமும் மரியாதையும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அன்றைய அரசு ராணுவத்தை அனுப்பியது. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தலைவர் ஆர்.எச்.நாதன் நாடுகடத்தப்பட்டார்.

அன்று சட்டம் முதலாளி பக்கம் நின்றது. இன்று அதன் வாசகம் தொழிலாளி பக்கம் இருக்கிறது, ஆனால் முதலில் வாய் திறக்கும் ஆபத்து இன்னும் அவருடையதுதான். புகாருக்குக் காத்திருக்காமல் அதிகாரிகளே சம்பளக் கணக்கைச் சோதிக்க வேண்டும். புகார் செய்தவர் வேறு முதலாளியிடம் மாற வழி வேண்டும். இவை இல்லாமல் அபராதத்தை இரட்டிப்பாக்கினாலும் அந்தத் தோசைக்கல் முன்னால் எதுவும் மாறாது.