வாயில்லாச் சீவனின் சம்மதம்

பூவரசங்குளம் போன்ற வன்னிக் கிராமங்களில் நாய் செல்லப்பிராணி என்பதிலும் பார்க்க வளவின் காவலாளி என்றே கொள்ளப்படுகின்றது. அது சொறி பிடித்து மயிர் உதிர்ந்து நிற்கையிலும், கருத்தடைச் சத்திரசிகிச்சையின் பின் தையலோடு விறாந்தையிற் கிடக்கையிலும் வீட்டார் செய்யும் பணிவிடை ஓர் அறவியல் வினாவை எழுப்புகின்றது. தான் நோவது எதற்கென அறியாத உயிரை, அதன் நன்மையின் பொருட்டு நோகச்செய்யும் உரிமை மனிதனுக்கு எங்கிருந்து வந்தது?

சொறிக்கு இன்று வழங்கும் ஐவர்மெக்ரின், யப்பானிய மண்ணிற் கண்ட நுண்ணுயிர் ஒன்றின் வழியே பிறந்த மருந்து; ஒமுரா, கம்பெல் என்னும் இருவர் இதன்பொருட்டு 2015இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். அது சொறியுண்ணிகளைக் கொல்லும், முட்டைகளை அழிக்காது. ஆதலின், சொறிச்சல் தணிந்து துள்ளித்திரியும் நாயை மறுமுறையும் அமுக்கிப் பிடித்து ஊசி ஏற்றவேண்டியிருக்கின்றது. சத்திரசிகிச்சையின் பின்னரோ சங்கடம் பெரிது. பத்துப் பதினான்கு நாள்கள் தையலை நக்கவிடலாகாது, ஓடவிடலாகாது. புண்ணை நக்குதல் நாய் அறிந்த ஒரேயொரு வைத்தியம். வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டி அதனையும் தடுப்பவர், நாயின் கண்ணுக்கு வைத்தியராகத் தோன்றுவாரா, தண்டிப்பவராகத் தோன்றுவாரா?

குழந்தைக்குக் கசப்பு மருந்து புகட்டுவதை ஒப்புக்காட்டுவோர் உளர். அவ்வொப்புமை பாதி தூரமே வரும். குழந்தை வளர்ந்து தாயின் செயலை விளங்கிக்கொள்ளும். வேண்டுமாயின் கண்டிக்கவும் செய்யும். நாயோ எக்காலத்தும் அத்தீர்ப்பை வழங்கப்போவதில்லை. தீர்ப்புக் கூறுவாரற்ற அதிகாரம் ஆதலினாலேயே அது கூடுதலான கூச்சத்துடன் கையாளப்படவேண்டியது. விலங்கை வதைப்பவன் மனிதரையும் வதைக்கப் பழகுவான் என்பதே கான்ற் கூறிய காரணம். அது போதாது, காண்பார் எவருமின்றி இரவில் முனகும் நாயின் நோவும் நோவே.

சம்மதம் பற்றிய இவ்வினா நம் நாட்டுக்குப் புதிதன்று. 4ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட புத்ததாச மன்னன் வயிற்றுக் கட்டியால் வருந்திய பாம்பொன்றுக்குச் சத்திரசிகிச்சை செய்ததாகச் சூளவம்சம் கூறும். தொடாமல் வைத்தியம் இல்லை, தொட்டாலோ நீ சினப்பாய் என மன்னன் தயங்க, பாம்பு தன் கழுத்தைப் பொந்தினுள் நுழைத்து அசையாது கிடந்ததாம். கதை புனைவாயிருக்கலாம். எனினும் அதனைச் சொன்னோர்க்கு, சம்மதமின்றிக் கத்தி வைப்பதில் ஏதோ உறுத்தியிருக்கின்றது. அன்றேல் பாம்பின் கழுத்தைப் பொந்துக்குள் அனுப்பியிருக்கமாட்டார்கள்.

சொறியுண்ணியும் உயிர்தானே என்பார்க்கு விடை எளிது: நாயை வளவுக்குள் வருவித்துத் தன்னை நம்பச்செய்தவன் மனிதன், உண்ணிக்கு அவன் அவ்வாறு வாக்களித்ததில்லை.

கருத்தடையிலேதான் மனச்சான்று தடுமாறுகின்றது. சொறி மருந்து நாய்க்காக. கருத்தடையோ பெரும்பாலும் ஊருக்காக. இலங்கையில் 2006இல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்னும் கொள்கை வந்தபின், கொலைக்கு மாற்றாக நின்றது கருத்தடையும் விசர்நாய்த் தடுப்பூசியுமே. அம்மாற்று நல்லது. ஆயினும் 'உன் நன்மைக்கே' என்று நாயிடம் சொல்வது முழு உண்மையாகாது. ஊரின் வசதிக்காக வயிறு கிழிக்கப்பட்ட நாய்க்கு, நோவு தணிக்கும் மருந்தும், ஈ மொய்க்காத ஓரிடமும், தையல் ஆறும்வரை ஒருவரின் காவலும் தானமாகா. அவை அதற்குத் தரவேண்டிய கடன். மயக்கம் தெளியுமுன்னே அதனை வீதியோரத்தில் இறக்கிவிடுபவர், அக்கடனைத் தீர்க்காமலே செல்கின்றார்.