காணியோடு வந்த கடன்

தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. வாங்கித் திருப்பிக் கொடுக்காத பணமும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். அரபியில் கடனைக் குறிக்கும் 'தைன்' என்ற சொல்லும், மார்க்கத்தைக் குறிக்கும் 'தீன்' என்ற சொல்லும் ஒரே மூன்று எழுத்துக்களால் எழுதப்படுகின்றன. இவ்விரு மொழிகளின் நிழலிலும் வாழ்கின்ற நமக்கு, ஒருவர் விட்டுச்சென்ற கடன் இன்னொருவரின் கடமையாகுமா என்ற கேள்வி புதியதல்ல. ஆனால், அது சோலைவரி அறிவித்தலாக நம் வாசலுக்கே வரும்போது, ஏட்டில் படித்த விடை உடனே கைகொடுப்பதில்லை.

எங்கள் ஊரில் நான் ஒரு பழைய வீட்டை வாங்கினேன். அதன் சொந்தக்காரரான ஹாஜியார் மௌத்தாகிய பின்னர் அவரது பிள்ளைகள் சேர்ந்து விற்ற வீடு அது. உறுதி முடிப்பதற்கு முன்னர் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தார். வீட்டுக்குரிய சோலைவரிப் பற்றுச்சீட்டுக்களும் ஒரு வருடம் தவறாமல் இருந்தன. ஆனால், வீதியைப் பார்த்தபடி இருக்கும் கடை அறைக்குத் தனியாக ஒரு வரி இலக்கம் இருந்தது பிள்ளைகளுக்கே தெரியாது. சபையின் பழைய பதிவேட்டில் அந்த இலக்கத்துக்கு எதிரே பதினொரு வருட நிலுவை. வாரண்ட் கட்டணத்துடன் சேர்த்து 18,640 ரூபா. அங்கே கடமையாற்றும் இலிகிதர் என்னிடம் படித்தவர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "சேர், கடன்பட்டவர் மௌத்தாகிட்டார். காணி மௌத்தாகல்லயே."

சோலைவரியின் இயல்பை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இவ்வரியை அறவிடும் அதிகாரத்தைச் சபைகளுக்கு வழங்குகின்றது. ஒரு கட்டடத்தை வாடகைக்குக் கொடுத்தால் வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அந்த ஆண்டுப் பெறுமானத்தில் ஒரு வீதத்தை வரியாகக் குறிக்கின்றார்கள். முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதமும், காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதமும் கழிவு உண்டு. வரி கட்டடத்தைப் பார்த்து விதிக்கப்படுவதால் நிலுவையும் கட்டடத்தையே தொடர்கின்றது. ஆள் மாறலாம், இலக்கம் மாறுவதில்லை.

செய்தி தேநீர்க்கடைக்குப் போனதும் மூன்றுவிதமான கருத்துக்கள் வந்தன. "நீங்க அனுபவிக்காத வருசத்துக்கு நீங்க ஏன் கட்டணும்?" என்றார் ஒருவர். "அது அரசாங்கத்துக் காசு, அதில குத்தமில்ல" என்றார் மற்றொருவர். "கட்டிட்டு, வித்தவங்கட்ட வாங்குங்க" என்றார் மூன்றாமவர். ஒவ்வொன்றிலும் ஓரளவு நியாயம் இருக்கின்றது. ஆயினும் ஒன்றுகூடக் கேள்வியை முழுமையாகத் தீர்க்கவில்லை.

முதலாவது கருத்து நீதியானதாகத் தோன்றுகின்றது. ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது நமது மார்க்கம் போதிக்கும் அடிப்படை. ஆனால், ஆசிரியத் தொழிலில் இதற்கு மறுபக்கமும் உண்டு. மூன்றாம் தவணையில் இடமாற்றம் பெற்று ஒரு வகுப்புக்குள் நுழைகின்ற ஆசிரியர், முன்னவர் படிப்பிக்காமல் விட்ட அலகுகளைப் பார்த்து "அது என்னுடைய குறையல்ல" என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால், பரீட்சை எழுதப்போகும் பிள்ளைக்கு அந்த உண்மையால் பயனில்லை. குறை முன்னவருடையது, வகுப்பு என்னுடையது. கடை அறையும் அப்படித்தான். அந்த அறைக்கு நான் கொடுத்த விலையில் வீதிக்கும் வடிகானுக்கும் தெருவிளக்குக்கும் ஒரு பங்கு இருந்தது. அவற்றை அனுபவிக்கத் தயாராக இருக்கும் நான், அவற்றின் கணக்கை மட்டும் பிறர் தலையில் வைக்க முடியாது.

இரண்டாவது கருத்துத்தான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. தனிமனிதனிடம் பட்ட கடனை அவன் மன்னித்துவிடலாம். ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர்கள் வீடு வீடாகச் சென்று பொருத்தம் கேட்பதும் அதற்காகத்தான். ஆனால் சபையின் பணத்தை யார் மன்னிப்பது? தவிசாளருக்கு அது சொந்தமில்லை, இலிகிதருக்கும் சொந்தமில்லை. குப்பை அள்ளும் உழவு இயந்திரத்துக்காகக் காத்து நிற்கும் ஒவ்வொரு வாசலுக்கும் அதில் பங்குண்டு. யாருக்கும் சொந்தமில்லாத காசு என்று நாம் இலேசாக நினைப்பது, உண்மையில் எல்லாரிடமும் பொருத்தம் கேட்க வேண்டிய காசு. சபை ஒழுங்காக இயங்கவில்லை என்பதும் நியாயமான முறைப்பாடுதான். 2023 மார்ச்சில் பெரும்பாலான சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே மாதம் தேர்தல் நடைபெறும் வரை நாம் தெரிவுசெய்த உறுப்பினர்களே அங்கு இருக்கவில்லை. அதற்கான கேள்வியை வாக்குச் சீட்டிலும் கூட்டத்திலும் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டாரின் வடிகான் காசை நிறுத்திவைத்து அதைக் கேட்க முடியாது.

ஆகவே பணத்தைக் கட்டினேன். விடயம் அத்துடன் முடிந்துவிட்டதாகவே பலர் கருதினார்கள். உண்மையில் அதன் பின்னர்தான் சிக்கலான பகுதி தொடங்கியது.

கடனுடன் மௌத்தான ஒருவரின் ஜனாஸாவைத் தொழுவிக்க நபிகளார் (ஸல்) முன்வராததும், அபூ கதாதா (ரழி) அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னர் தொழுவித்ததும் நாம் பலமுறை கேட்ட செய்தி. இன்னொருவர் கடனை ஏற்பது அங்கே விருப்பத்துடன் செய்த உபகாரம். என் நிலை அப்படியல்ல. சட்டம் என்னைக் கட்ட வைத்தது. நான் கட்டியதால் சபைக்கான கடன் தீர்ந்ததே தவிர ஹாஜியாரின் கடன் தீரவில்லை, அது என் பெயருக்கு மாறியது. அவரது கடன்காரர்களில் நானும் ஒருவன் ஆகிவிட்டேன். நான் வாய்திறக்காமல், மன்னிக்கவும் செய்யாமல், மனதுக்குள் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தால், கப்றில் இருக்கும் மனிதரைக் கட்டிவைத்தவனாவேன். பெருந்தன்மை என்று நாம் பெயர் சூட்டும் பல மௌனங்கள் இத்தகையவைதாம். கேட்க வேண்டும், அல்லது வாய்திறந்து விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்றாவது வழி ஒழுக்கமானதல்ல என்று கருதுகின்றேன்.

ஹாஜியாரின் இளைய மகன் ஊரில் ஆட்டோ ஓட்டுகின்றார். வசதி குறைந்தவர். விட்டுக்கொடுக்கும் எண்ணத்துடனேயே அவரிடம் சென்று பற்றுச்சீட்டைக் காட்டினேன். அதை இரண்டு தடவை வாசித்தார். "வாப்பாட கடனா சேர்? எனக்கு மன்னிப்பு வேணாம். மாசா மாசம் தாறன். நானாமாருக்கும் சொல்றன்" என்றார். மன்னிப்பதற்கு எனக்கிருந்த உரிமையைவிட, தந்தையின் கடனைத் தீர்ப்பதற்கு அவருக்கிருந்த உரிமை பெரியது என்பதை அப்போது உணர்ந்தேன். மாதம் ஆயிரம் ரூபாவாகத் தருகின்றார். ஒவ்வொன்றுக்கும் சிட்டை எழுதிக் கொடுக்கின்றேன். அவரிடம் முடியாத மாதம் வந்தால் அந்த மாதத்தை விட்டுக்கொடுப்பதாகவும், மீதி இருக்கும்போது எனக்கு மௌத்து வந்தால் அது ஹலால் என்றும் அதே கொப்பியின் முதற்பக்கத்தில் எழிதி இருவரும் கையொப்பமிட்டிருக்கின்றோம்.

வீடு வாங்குபவர்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. வீட்டுக்குள் எத்தனை வரி இலக்கங்கள் உள்ளன என்று கேளுங்கள். நிலுவை இருந்தால் உறுதிக்கு முன்பே விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால், விற்பவர் பக்கத்தில் இன்னும் முக்கியமான ஒரு வேலை இருக்கின்றது. நம் ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் வாரிசுகளில் ஒருவர் எழுந்து, மர்ஹூமுக்குக் கடன் கொடுத்தவர்கள் இருந்தால் தங்களிடம் வருமாறு அறிவிப்பார். கடைக்காரர் வருவார், கூட்டாளி வருவார். சபையின் பதிவேடு எழுந்து வராது. அதற்குக் கால் இல்லை. அடுத்த நாள் வாரிசுகள்தான் அதைத் தேடிப் போகவேண்டும்.