கறுவாவின் பெயர் யாருக்கு உரியது?

உல்லாச விடுதிகள் இன்று ஊர்ப்பொருள்களைத் தேடி வாங்கத் தொடங்கியுள்ளன. உணவுப் பட்டியலிலும் எண்ணெய்ச் சிகிச்சை அறையிலும் 'இலங்கைக் கறுவா' என்ற பெயர் பெருமையோடு இடம்பெறுகின்றது. இதனைக் குறைகூற நாம் வரவில்லை. தூரதேசத்துச் சரக்கிலும் பார்க்கக் காலியிலும் மாத்தறையிலும் விளைந்ததை வாங்குதல் நன்றே. ஆயின் சந்தைவிலையைக் கொடுத்த அளவில் வாங்குவோரின் கடமை தீர்ந்துவிடுமா என்பதே வினா.

விடுதி விற்பது பட்டையை மட்டுமன்று. பெயரையும் சேர்த்தே விற்கின்றது. அப்பெயரை ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் புவியியல் குறியீடாகப் பதிவுசெய்தது. கசியா எனப்படும் மலிவான தடித்த பட்டையில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. அளவுமீறினால் ஈரலுக்கு ஊறு செய்யும். நமது கறுவாவில் அது மிகச் சொற்பம். எனவே கசியாவைக் கறுவா என்று பரிமாறினால், விருந்தினரை ஏமாற்றியதாக எவரும் கண்டிப்பர்.

அப்பெயருக்கு மதிப்பைத் தேடித் தந்தோர் யாவர்? மண்ணும் மழையும் என்பது பாதி விடையே. வெட்டிய கிளையின் புறத்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் தேய்த்து நெகிழ்த்தி, கத்தியாற் கீறி, கிழியாதபடி உட்பட்டையைக் கழற்றி, ஒன்றினுள் ஒன்றாகச் செருகி, நிழலில் உலர்த்துகின்றனர் உரிப்போர். நாள்முழுதும் தரையில் அமர்ந்து செய்யும் வேலை அது. 'அல்பா' எனும் உயர்தரச் சுருளின் விட்டம் 6 மில்லிமீற்றருக்கு மேற்படாது. அத்தகைய சுருளை மண் தானாகத் தந்துவிடாது.

ஒல்லாந்தர் ஆட்சியில் கறுவா உரித்துக் கொடுத்தல் சலாகம சாதியினர்மீது சுமத்தப்பட்ட ஊழியமாயிருந்தது. களவாக விற்றோருக்கு மரணதண்டனையும் விதிக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்ந்த அரச ஏகபோகம் 1833 இலேயே ஒழிந்தது. கொழும்பில் அன்றைய கறுவாச் செய்கை நிலம் இன்று செல்வந்தரின் குடியிருப்பு. அதற்குக் கறுவாத்தோட்டம் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

பலபிட்டியவில் மாது கங்கையின் தீவொன்றுக்குப் படகேறிச் செல்லும் பயணிகளுக்குப் பட்டை உரித்துக் காட்டுகின்றனர். பயணிகள் படம் பிடிக்கின்றனர். சிறிது பணமும் கொடுக்கின்றனர். அங்கே உரிப்பவருக்கு முகமுண்டு. அதே தொழிலாளியின் பட்டை வணிகர் கைமாறி விடுதிச் சமையலறையை அடையும்போது, அவர் எவரென்று கேட்பாரில்லை.

"நாங்கள் வணிகரிடம் வாங்குகின்றோம், அதற்கு அப்பால் எதை அறிவோம்?" என்பர் விடுதியார். இவ்வாதம் நமக்கு ஏற்புடையதன்று. தூய்மைக்குச் சான்றிதழ் கேட்கத் தெரிந்தவர்கள், உரித்த கைக்கு என்ன கூலி கிடைத்தது என்றும் அதே வணிகரிடம் கேட்கலாமன்றோ? ஊர்ப்பெயரால் கிடைக்கும் மேலதிக விலையில் அந்தக் கைக்கும் ஒரு பங்கு உண்டு. அதனைத் தானமென்றோ சன்மானமென்றோ சொல்வது தகாது.

தேர்ந்த உரிப்போர் கிடைப்பதில்லை எனத் தோட்டக்காரர் இப்போது முறையிடுகின்றனர். தந்தையின் தொழில் வேண்டாமென்று வேறு வழி தேடும் பிள்ளைக்கு, ஆசிரியராகிய நாம் எந்த நியாயத்தைக் காட்டி அதிலேயே இரு என்போம்?