பொய்த் தகவலும் மனச்சாட்சியும்



பகை கொண்ட ஒருவன் அயலவனைப் பற்றிப் பொலிசாரிடம் பொய் சொல்கிறான். அதனை நம்பிய அதிகாரி சத்தியக்கடதாசி முடிக்கிறார். நீதவான் தேடுதல் ஆணை வழங்குகிறார். ஒரு குடும்பத்தின் பெட்டி, அலுமாரி எல்லாம் கிளறப்படுகின்றன. குற்றவாளி யார்?

இத்தகைய ஆணையை எதிர்க்கலாமா என்ற கேள்வி 1978ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. 'பிராங்க்ஸ் எதிர் டெலவெயர்' என்பது அவ்வழக்கு. அதிகாரி அறிந்தே பொய் சொல்லியிருந்தாலோ, உண்மையைப் பொருட்படுத்தாதிருந்தாலோ எதிர்க்கலாம் என மன்று தீர்த்தது. பொய்யை நீக்கியபின் எஞ்சுவது போதாதெனில் ஆணை செல்லாது. அதனாற் கிடைத்த சான்றும் தள்ளப்படும். ஆனால் அதிகாரி நேர்மையாக நம்பியிருக்க, தகவல் கொடுத்தவன் மட்டும் பொய்யனாயிருந்தால் இவ்வழி திறவாது.

சட்டம் அங்கே நின்றுவிடலாம், மனச்சாட்சி நிற்கலாகாது. சூசன்னாமீது பழி சுமத்தியவர்கள் முதியோர், நீதிபதிகள் என்பதாலேயே சபை நம்பியது. தானியேலோ இருவரையும் பிரித்து, "எந்த மரத்தடியில் கண்டீர்?" என வினவினார். விடைகள் முரண்பட்டன. ஒரு கேள்வி ஓர் உயிரைக் காத்தது.

ஆகவே, "நம்பினேன்" என்பது போதாது. விசாரித்தோமா என்பதே கேள்வி. பொய் சொன்னவனுக்கோ பாவசங்கீர்த்தனம் மட்டும் போதாது; தான் கெடுத்த நற்பெயரை இயன்றவரை மீட்டுக்கொடுக்கும் கடமையும் உண்டு.

அயலவரைப் பற்றிக் கேட்டதை இன்னொருவர் காதிற் போடுமுன், தானியேலின் கேள்வியை நீங்களும் கேட்டுப் பாருங்கள்.